பூ இருந்த டயர்: பினாங்குப் பாலத்தில் ஆடிய ஒரு 600 சிசி மோட்டார் பற்றிய நிகழ்வு ஆய்வு

இந்த ஆய்வுக்கு உட்பட்ட வண்டி 2008-ஆம் ஆண்டு தயாரிப்பான யமஹா ஒய்இசட்எஃப்-ஆர்6 மோட்டார் சைக்கிள். 599 சிசி, நான்கு சிலிண்டர், நூறு குதிரைத்திறனுக்கு மேல் தரும் இயந்திரம். 2023-இன் தொடக்கத்தில் அதை வாங்கியவர் மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில், பெருநிலத்தில் உள்ள பட்டர்வொர்த்தில் குடியிருந்து, தீவில் உள்ள பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் ஷிஃப்ட் முறையில் வேலை செய்யும் இளைஞர். அவருக்கு முன் வண்டி குறைந்தது இரண்டு கை மாறியிருந்தது. கிரண்டில் (வண்டியின் பதிவு ஆவணத்தில்) உள்ள சேசிஸ் எண்ணும் இயந்திர எண்ணும் வண்டியில் பொறித்தவற்றோடு ஒத்துப்போயின. வாங்கியவரிடம் முழு ‘பி’ உரிமமும் இருந்தது. (250 சிசி வரை மட்டுமே செல்லுபடியாகும் பி2 உரிமத்தை வைத்துக்கொண்டு இந்த வகை வண்டியை ஓட்டுவோர் இன்றும் இருக்கிறார்கள். விபத்து நேரும்போதுதான் காப்புறுதியைப் பற்றி அவர்களுக்கு யோசனை வருகிறது.)

உரிமையாளர் சொன்ன குறைகள் இரண்டு. முதலாவதை அவர் சொன்னபடியே தருகிறேன்: “அண்ணே, பாலத்துல காத்து அடிச்சா பின்னாடி மெதுவா ஆடுது. ஹேண்டில இறுக்கிப் புடிச்சாலும் நிக்க மாட்டுது.” பாலத்தில் லேசாகத் தெரிந்த அந்த ஆட்டம், வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையில் சட்டம் அனுமதிக்கும் 110 கிலோமீட்டர் வேகத்தை நெருங்கும்போது தெளிவாகத் தெரிந்தது. இரண்டாவது குறை வளைவில். தெலுக் பாஹாங்கிலிருந்து பாலிக் பூலாவ் போகும் மலைச்சாலையில் வண்டியைச் சாய்க்க முயன்றால் முதலில் அது சாய மறுக்கும்; இன்னும் கொஞ்சம் அழுத்தினால், ஒரு விளிம்பைத் தாண்டியதுபோல் சட்டென்று உள்பக்கம் விழும். மழை ஈரத்தில் அந்த இடத்தில் பின்சக்கரம் ஒரு முறை வழுக்கியும் இருந்தது.

வண்டி எங்களிடம் வருவதற்கு முன்பே இந்தக் குறைகளுக்காகப் பணம் செலவாகியிருந்தது. வேறொரு பட்டறையில் ஸ்டியரிங் பேரிங்கை மாற்றியிருந்தார்கள். அதில் தீராததால், நண்பர்கள் சொன்னதைக் கேட்டு உரிமையாளர் ஹேண்டிலின் உதறலை அடக்கும் ஸ்டியரிங் டேம்பர் ஒன்றை இணையத்தில் வாங்கிப் பொருத்தியிருந்தார். பின் ஷாக்கின் திருகுகளையும் ஆளுக்கு ஒரு பக்கம் திருகிவிட்டிருந்தார்கள். இத்தனைக்கும் நடுவில் டயரை யாரும் சந்தேகிக்கவில்லை, ஏனென்றால் டயரில் பூ, அதாவது தரையைத் தொடும் பரப்பில் வெட்டிய பள்ள வரிகள், இருந்தது. மொட்டை டயர் ஆபத்து என்பது எல்லாருக்கும் தெரியும். பூ இருக்கும் டயரும் ஆபத்தாக முடியும் என்பதை ஏற்கப் பலருக்கு மனம் வருவதில்லை.

வண்டி போகும் சாலை

பழுதைத் தேடுவதற்கு முன் வண்டி எந்தச் சாலையில் எப்படி ஓடுகிறது என்று கேட்பது எங்கள் வழக்கம். 1985-இல் திறக்கப்பட்ட பினாங்குப் பாலத்தின் மொத்த நீளம் 13.5 கிலோமீட்டர், அதில் 8.4 கிலோமீட்டர் கடலுக்கு மேல். 2019 ஜனவரி 1 முதல் மோட்டார் சைக்கிள்களுக்கு அங்கே டோல் இல்லை. எனவே பெருநிலத்தில் குடியிருந்து தீவில் வேலை செய்பவர்கள் பலருக்கு மோட்டாரில் பாலத்தைக் கடப்பதே சிக்கனமான வழி. இந்த உரிமையாளரும் வேலை நாளெல்லாம் போகவர 27 கிலோமீட்டர் பாலத்திலேயே ஓட்டுகிறார். அந்தத் தூரம் முழுவதும் வண்டி ஏறக்குறைய நிமிர்ந்தேதான் ஓடுகிறது. பின் டயரின் நடுவில் மூன்று விரல் அகலத்துக்கு உள்ள பகுதி மட்டும் தரையைத் தொட்டு, சூடேறி, தேய்ந்துகொண்டே இருக்கும். ஞாயிற்றுக்கிழமை காலையில் அதே டயரை வளைவுச் சாலைக்குக் கொண்டுபோய், அதுவரை தரையையே தொடாத தோள்பகுதியில் வண்டியை நிறுத்தச் சொன்னால் அது தடுமாறாமல் என்ன செய்யும்?

அளந்தபோது கிடைத்தவை

முதலில் காற்றழுத்தம். இந்த வண்டிக்கு யமஹா சொல்லும் அளவு, டயர் குளிர்ந்த நிலையில் முன்னே 250 கிலோபாஸ்கல், பின்னே 290 கிலோபாஸ்கல். பழைய கணக்கில் 36-உம் 42-உம் பிஎஸ்ஐ. வண்டியை இரவு முழுவதும் பட்டறையிலேயே விட்டுக் காலையில் அளந்தபோது முன்னே 220, பின்னே 215 இருந்தது. காற்றைக் குறைத்தால் பிடிப்பு கூடும் என்று பந்தயத் தடத்தில் ஓட்டும் ஒருவர் சொன்னதைக் கேட்டு உரிமையாளரே இறக்கி வைத்திருக்கிறார். தடத்தில் அதற்கு நியாயம் உண்டு. அங்கே டயர் கடுமையாகச் சூடேறி, உள்ளிருக்கும் காற்றின் அழுத்தமும் வெகுவாகக் கூடும் என்பதால் குறைவாக வைத்துத் தொடங்குவார்கள். பாலத்தின் நேர்ச்சாலையில் அந்தச் சூடு வராது. அழுத்தம் குறைந்த டயரின் பக்கச்சுவர் பக்கவாட்டில் நெளிந்துகொடுப்பதுதான் மிச்சம். எண்ணெய் நிலையங்களின் மின்னணுக் காற்றுப் பம்புகள் கிலோபாஸ்கலிலேயே காட்டுவதால் அளவைச் சரிபார்ப்பது எளிது. ஆனால் பாலத்தைக் கடந்து வந்த சூட்டோடு அளந்தால், உள்ளதைவிடக் கூடுதலான கணக்கே கிடைக்கும்.

அடுத்து டயரின் வயது. பக்கச்சுவரில் நீள்வட்டத்துக்குள் இருக்கும் கடைசி நான்கு இலக்கங்களில் முதல் இரண்டு தயாரிக்கப்பட்ட வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. பின் டயரில் 1416, முன் டயரில் 3018. அதாவது பின் டயர் 2016-இன் 14-ஆவது வாரத்தில் பிறந்தது. எங்களிடம் வந்தபோது அதற்கு ஏழு வயது. ஐந்து ஆண்டு கடந்த டயரை ஆண்டுதோறும் ஆய்வு செய்ய வேண்டும் என்றும், பத்து ஆண்டு நிறைந்ததை எப்படியிருந்தாலும் மாற்ற வேண்டும் என்றும் மிச்செலின் போன்ற நிறுவனங்கள் அறிவுறுத்துகின்றன. அது மேல் எல்லைதான். வெயில் நேராக அடிக்கும் தொழிற்சாலை வாகன நிறுத்துமிடத்தில் நாளெல்லாம் நிற்கும் டயருக்கு அந்த எல்லைவரை காத்திருக்க வேண்டிய அவசியம் இல்லை. வெப்பமும் ஆக்ஸிஜனும் ஓசோனும் ரப்பரை இறுக்குகின்றன. அதை மென்மையாக வைத்திருக்கும் எண்ணெய்ப் பொருள்களும் மெல்ல வெளியேறுகின்றன. இந்த டயரின் தோளில் கட்டைவிரல் நகத்தை அழுத்தினால் தடமே பதியவில்லை. பூவின் பள்ளங்களுக்குள், விளக்கைச் சாய்த்துப் பிடித்தால் மட்டும் தெரியும் மயிரிழை வெடிப்புகள் வரிசையாக ஓடின. அந்தப் பள்ளங்களின் ஆழம் நடுவில் 2 மில்லிமீட்டர், தோளில் 5 மில்லிமீட்டர். டயரில் பூ இருந்தது என்று எல்லாரும் சொன்னது இந்தத் தோளைப் பார்த்துத்தான்.

இந்த நிகழ்வின் மையம் மூன்றாவது அளவில் இருந்தது. வண்டிக்கு உரிய பின் டயர் 180/55 இசட்ஆர்17. பொருத்தப்பட்டிருந்தது 190/50 இசட்ஆர்17. ரிம்மிலோ 5.50 என்ற அங்குல அளவு தெளிவாக வார்க்கப்பட்டிருந்தது. அது 180-க்கென்றே உருவான அகலம். முந்தைய உரிமையாளர்களில் ஒருவர், பின்னாலிருந்து பார்த்தால் 1000 சிசி வண்டிபோல் தெரிய வேண்டும் என்று அகலமான டயரைப் போட்டிருக்கிறார். ஏறாமல் இல்லை, ஏறும். ஆனால் கணக்கைப் பாருங்கள். முதல் எண் மில்லிமீட்டரில் அகலம், அடுத்தது அந்த அகலத்தில் உயரத்தின் விழுக்காடு. 180-இல் 55 விழுக்காடு 99 மில்லிமீட்டர். 190-இல் 50 விழுக்காடு 95 மில்லிமீட்டர். எனவே டயர் அகலமானாலும் உயரம் 4 மில்லிமீட்டர் குறைந்துவிட்டது. நடுப்பகுதி தேய்ந்த அளவையும் சேர்த்தால் வண்டியின் பின்புறம் 7 மில்லிமீட்டர் அளவுக்குத் தாழ்ந்து, ஏறத்தாழ 1,380 மில்லிமீட்டர் சக்கர இடைத்தூரம் உள்ள இந்த வண்டியின் ஸ்டியரிங் கோணம் (முன் ஃபோர்க்கின் சாய்வு) சுமார் 0.3 பாகை படுத்துவிடுகிறது.

இரண்டு குறை, இரண்டு காரணம்

தவறான அளவு டயர்தான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று இந்த இடத்தில் எழுதி முடித்துவிடலாம். அது சரியாகாது. பின்புறம் தாழ்ந்து கோணம் படுத்தால் வண்டி நேர்ச்சாலையில் கூடுதல் நிலைத்தன்மையோடுதான் ஓட வேண்டும், ஆடக் கூடாது. எனவே 190/50 என்ற அளவும் சப்பையான வடிவமும் விளக்குவது இரண்டாவது குறையை மட்டுமே. சாய மறுப்பதற்குப் படுத்த கோணமும் தட்டையான நடுப்பகுதியும் காரணம். திடீரென்று விழுவதற்கு, தேய்ந்த தட்டைக்கும் தேயாத தோளுக்கும் இடையில் எழும்பியிருந்த விளிம்பு காரணம். ஈரத்தில் வழுக்கியதற்கு இறுகிப்போன ரப்பர் காரணம்.

பாலத்தில் வந்த ஆட்டம் வேறு. ஹேண்டில் மட்டும் படபடவென்று வேகமாக உதறினால் முன்பக்கத்தைப் பார்க்க வேண்டும். ஸ்டியரிங் பேரிங், முன் டயர், டேம்பர் எல்லாம் அந்தக் கணக்கில் வருபவை. வண்டி முழுவதும் பின்னாலிருந்து மெதுவாக, நொடிக்கு இரண்டு மூன்று முறை நெளிந்தால் பின் டயரையும், பின்சக்கரத்தைத் தாங்கும் கையான ஸ்விங்ஆர்மையும், சக்கரத்தைப் பிடித்திருக்கும் பாகங்களையும் பார்க்க வேண்டும். உரிமையாளர் “மெதுவா ஆடுது” என்று சொன்ன அந்த ஒரு சொல்லைக் கவனித்திருந்தால் டேம்பருக்குச் செலவழித்த பணம் மிஞ்சியிருக்கும். டேம்பர் குறையைத் தீர்க்கவில்லை என்பதோடு, ஹேண்டிலைக் கனமாக்கி வளைவில் சாய மறுக்கும் குணத்தைக் கூட்டியும் விட்டது.

இதைச் சோதிக்க முதலில் செலவில்லாததைச் செய்தோம். டேம்பரைக் கழற்றிவிட்டு, காற்றை 250-க்கும் 290-க்கும் ஏற்றி, வேறு எதையும் தொடாமல் உரிமையாளரை அதே சாலையில் ஓட்டிவரச் சொன்னோம். ஆட்டம் பாதிக்கு மேல் குறைந்தது, முற்றாக நிற்கவில்லை. பின்சக்கரத்தைத் தூக்கி, டயரை இரு பக்கமும் பிடித்து அசைத்தபோது பேரிங்கில் ஆட்டம் இல்லை. ஆனால் ஸ்புரோக்கெட் (செயின் ஓடும் பல்சக்கரம்) தாங்கியைத் திருப்பினால் அது சக்கரத்துக்குள் தாராளமாக அசைந்தது. உள்ளே இருக்கும் அதிர்வு தாங்கும் ரப்பர் கட்டைகள் இறுகிச் சுருங்கியிருந்தன. செயினின் தொய்வு ஓரிடத்தில் 25 மில்லிமீட்டர், சக்கரத்தைச் சுற்றினால் இன்னோரிடத்தில் 50 மில்லிமீட்டர். கடற்காற்றில் நின்ற வண்டிகளில் இது அடிக்கடி வரும். இணைப்புகளுக்குள் உப்பு புகுந்து, சில கணுக்கள் மடங்க மறுத்து நிற்கும்.

அந்தச் செயினைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். பெயர்பெற்ற ஜப்பானிய நிறுவனத்தின் பெட்டியில் இணையம் வழியாக வந்தது. விற்றவரிடம் கேட்டால் அசல் என்றே சாதிப்பார். தகடுகளில் பெயர் ஆழமில்லாமல், ஒன்றில் மேலும் ஒன்றில் கீழுமாகப் பொறிக்கப்பட்டிருந்தது. கணுக்களுக்கு இடையில் இருக்க வேண்டிய ரப்பர் வளையங்கள் பல இடங்களில் விரலால் தொட்டதும் உதிர்ந்தன. இரு முனையையும் சேர்க்கும் இடத்தில் ஆணியடித்து முடுக்கும் ரிவெட் இணைப்புக்குப் பதிலாக, காப்சாய் எனப்படும் சிறு மோட்டார்களில் போடுவதுபோல் ஒரு கிளிப் செருகப்பட்டிருந்தது. நூறு குதிரைத்திறனை இழுக்கும் செயினை ஒரு மெல்லிய தகட்டுக் கிளிப் பிடித்துக்கொண்டிருப்பதை நினைத்தால் எனக்குப் பாலத்தின் ஆட்டத்தைவிட அதுவே பயமாக இருந்தது. செயின் அறுந்து பின்சக்கரத்தில் சிக்கினால் சக்கரம் இறுகிவிடும். முன்பக்கம் சுருண்டால் இயந்திரத்தின் உறையையே உடைக்கும்.

டயர் தேர்வு

இந்த வகை வண்டி வைத்திருப்பவர்கள் டயர் வாங்கும்போது பந்தயத்தில் ஓடும் ரகத்தையே முதலில் கேட்பார்கள். பிரேலியின் சூப்பர்கோர்சா போன்றவை சூடேறினால் மிக நன்றாகப் பிடிக்கும். அந்தச் சூடு தடத்தில் கிடைக்கும், பாலத்து மழையில் கிடைக்காது. பூ குறைவு என்பதால் தேங்கிய தண்ணீரை ஒதுக்குவதும் குறைவு. வேலைக்குப் போகவர ஓட்டும் வண்டிக்கு இரட்டைக் கலவை கொண்ட ஸ்போர்ட்-டூரிங் ரகமே பொருத்தம் என்பது என் முடிவு. பின் டயரின் நடுவில் கடினமான ரப்பர், தோளில் மென்மையானது. கலவையில் சேரும் சிலிக்கா குறைந்த சூட்டிலும் ஈரத்திலும் பிடிப்பைத் தருகிறது. பேசி முடித்தது மிச்செலின் ரோட் 5: முன்னே 120/70 இசட்ஆர்17, பின்னே 180/55 இசட்ஆர்17. அளவுக்குப் பக்கத்தில் வரும் குறியையும் பார்க்க வேண்டும். பின் டயரில் 73 என்பது 365 கிலோ வரை தாங்கும் சுமையையும், ‘டபிள்யூ’ என்பது மணிக்கு 270 கிலோமீட்டர் வேகத் தரத்தையும் குறிக்கும். அந்த வேகத்தில் யாரும் போகப்போவதில்லை. ஆனால் தரம் குறைந்த டயரின் உட்கட்டும் அந்தக் குறைந்த தரத்துக்குத்தான் இருக்கும்.

இரண்டு டயரும் சேர்ந்தால் ஆயிரம் ரிங்கிட்டைத் தாண்டும் என்றதும் உரிமையாளர் தயங்கினார். “பின்னாடி மட்டும் இப்ப போடலாமாண்ணே, முன்னாடி அடுத்த சம்பளத்துல பாத்துக்கலாம்” என்றார். பொதுவாக இரண்டையும் சேர்த்தே மாற்றச் சொல்வேன். இங்கே ஒப்புக்கொண்டதற்குக் காரணம் உண்டு: முன் டயர் இறுகத் தொடங்கியிருந்தாலும் வெடிப்பு இல்லை. மேலும், ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றினால்தான் எது எதைத் தீர்த்தது என்று தெரியும். கழற்றிய 190-ஐ விற்கலாமா என்றும் கேட்டார். பக்கச்சுவரை வெட்டிவிட்டுத்தான் கொடுத்தேன்.

பொருத்தும்போது ரப்பர் வால்வையும் மாற்றினோம். அடிப்பகுதியில் வெடிப்பு விழுந்த வால்வு புது டயரிலும் காற்றைக் கசியவிடும். முன்சக்கரத்தில் இரண்டு டிஸ்க் இருப்பதால் நேரான வால்வில் பம்பின் தலை நுழையாமல் திண்டாடுவார்கள். காற்று பார்ப்பதையே தள்ளிப்போட இது ஒரு காரணமாகிவிடுகிறது. 90 பாகை வளைந்த அலுமினிய வால்வைப் போட்டால் அந்தச் சாக்கு போய்விடும். சுழற்சித் திசையைக் காட்டும் அம்புக்குறியைப் பார்த்து ஏற்றி, பேலன்சிங் செய்து, அதிர்வு ரப்பர்களைப் புதிதாக இட்டு, ரிவெட் இணைப்போடு புதுச் செயினும் இரண்டு ஸ்புரோக்கெட்டும் மாற்றி, ஸ்விங்ஆர்மின் குறிகளை மட்டும் நம்பாமல் இரு பக்கமும் அளந்து சக்கரத்தை நேராக்கி, ஆக்சில் நட்டைக் கையேட்டில் உள்ள அளவுக்கு டார்க் ரெஞ்சால் இறுக்கினோம். பின் ஷாக்கின் திருகுகளைத் தொழிற்சாலை அமைப்புக்குத் திருப்பினோம்.

டேம்பர் இல்லாமலேயே ஓட்டிப் பார்த்ததில் 110-இல் ஆட்டம் முற்றாக நின்றுவிட்டது. வளைவில் சட்டென்று விழும் குணமும் போயிற்று. முன் டயர் மாறிய பிறகு சாய்வது இன்னும் இலகுவானதாக உரிமையாளர் சொன்னார். ஆட்டம் நின்றதில் புது டயரின் பங்கு எவ்வளவு, ரப்பர் கட்டைகளின் பங்கு எவ்வளவு என்பதை இந்தச் சோதனையால் பிரித்துச் சொல்ல முடியாது. சக்கரம் கழன்றிருக்கும்போது இரண்டையும் சேர்த்தே செய்வதுதான் கூலிக்குக் கட்டுப்படியாகும்.

உதிரிப்பாகம் தேடும் வழி

பழைய ஸ்போர்ட் மோட்டாருக்குப் பாகம் கிடைக்காது என்ற பேச்சு முழு உண்மையல்ல. தேடுபவர் எண்ணைத் தெரிந்துகொண்டு தேட வேண்டும். யமஹா பாக எண்ணின் முதல் மூன்று எழுத்துகள் அந்தப் பாகம் முதலில் எந்த வடிவத்துக்காக உருவானது என்பதைக் காட்டும். 2சி0 என்றால் 2006-இன் ஆர்6, 13எஸ் என்றால் 2008-இன் ஆர்6. பல பாகங்கள் வேறு வண்டிகளோடு பொதுவானவை. 5ஜிஎச்-13440 என்று தொடங்கும் ஆயில் ஃபில்டர் எம்டி-07 முதலிய வண்டிகளுக்கும் வருவதால் கடையில் எப்போதும் இருக்கும். ‘ஆர்6 ஃபில்டர்’ என்று கேட்பவருக்கு இல்லை என்று பதில் வரலாம். எண்ணைச் சொன்னால் எடுத்துத் தருவார்கள்.

வண்டிகளைப் பிரித்து விற்கும் பொத்தோங் கடைகளில் கிடைக்கும் பழைய பாகங்களை ஒதுக்க வேண்டியதில்லை. லீவர், கால்மிதி, ஃபேரிங்கை (வெளி உறையை) தாங்கும் பிராக்கெட், எண்ணெய்த் தொட்டி ஆகியவற்றை அங்கே வாங்குவது புத்திசாலித்தனம். டயர், செயின், பேரிங், பிரேக் பேட் ஆகியவற்றை அங்கே வாங்கக் கூடாது. பிரேக் டிஸ்க்கை வாங்கியே ஆக வேண்டுமென்றால், அதில் பொறித்திருக்கும் குறைந்தபட்சத் தடிமனைப் படித்து மைக்ரோமீட்டரால் அளந்த பிறகு வாங்கலாம்.

மற்றவற்றைச் சுருக்கமாகக் குறிப்பிடுகிறேன். பிரேக் திரவம் கறுத்திருந்தது. காற்றின் ஈரத்தை அது உறிஞ்சிக்கொள்வதால் டாட் 4 திரவத்தை இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை மாற்றுவது நம் ஊருக்குக் கட்டாயம். இயந்திரத்தில் காருக்கான எண்ணெய் ஊற்றப்பட்டிருந்ததாகச் சந்தேகம். கிளட்ச் எண்ணெயில் நனைந்தே ஓடும் வண்டி என்பதால் அத்தகைய கிளட்சுக்கு ஏற்றது என்று காட்டும் ஜாசோ எம்ஏ முத்திரை உள்ள 10டபிள்யூ-40 ஊற்றிய பிறகு, முடுக்கும்போது வழுக்கிய கிளட்ச் சரியாயிற்று. புகைப்போக்கியில் புகையின் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் எக்ஸ்அப் வால்வின் கேபிள்கள் உப்புக்காற்றில் பாதி இறுகியிருந்தன. துருவை விடுவித்து மசகு இட்டு இப்போதைக்கு ஓடவிட்டிருக்கிறோம். புதுக் கேபிள்களுக்கு 13எஸ் வரிசை எண்ணோடு ஆர்டர் போட்டாயிற்று.

செயினைத் துடைத்து எண்ணெய் இடும் வேலையை உரிமையாளரே செய்கிறார். மண்ணெண்ணெயில் நனைத்த துணியும் மென்மையான பிரஷ்ஷும் போதும். பெட்ரோலும் கம்பி பிரஷ்ஷும் ரப்பர் வளையங்களைக் கெடுத்துவிடும். அடுத்த ஆய்வில் பின் டயரின் நடு ஆழத்தையும் தோள் ஆழத்தையும் தனித்தனியாக அளந்து முந்தைய அளவோடு ஒப்பிடுவோம். இயந்திரத்தின் வால்வு இடைவெளியை 40,000 கிலோமீட்டரை ஒட்டிப் பார்க்க வேண்டும். மீட்டர் காட்டும் 38,000-ஐ எவ்வளவு நம்பலாம் என்று தெரியாத நிலையில், கேபிள்கள் வந்து வண்டியைக் கழற்றும்போதே அதையும் முடித்துவிடலாம் என்று பேசி வைத்திருக்கிறோம்.